நாலு மூக்குத்தி பாக்கி

அக்காவின் மூக்கில் இரண்டு பக்கமும் ஓட்டை உண்டு, மூக்குத்தி கிடையாது. கம்பெனிக்குள் நகை போட்டுக்கொண்டு வரக் கூடாது என்று விதி. அதனால் காலையில் இரண்டையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, துடைப்பக் குச்சியை நுனி ஒடித்துப் பக்கத்துக்கு ஒன்றாகச் செருகிக்கொண்டு வருவார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை.

"இன்னா சார் சிரிக்கிற? சும்மா உட்டா தூந்துபூடும். தூரலன்னா தண்ணி பூந்து சீழ் வெக்கும். ஓட்டைன்னு ஒண்ணு கீதுன்னா அதுல எத்தையாவது குத்தி வெக்கணும்."

இதை அவர் மூக்கைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் இல்லை என்பதைப் பூசி மெழுகாமல் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பன்னிரண்டு வருஷம் இருக்கும். திருவொற்றியூரில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு நடுத்தரக் கம்பெனி. துறைமுகத்து கிரேன், நிலக்கரி பெல்ட், ஐஸ் பிளான்ட் இவற்றுக்கெல்லாம் கன்ட்ரோல் பெட்டி செய்து கொடுப்போம். நான் டிப்ளமா முடித்தவன், சரக்கு அனுப்பும் பிரிவில் சூப்பர்வைசர். என் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை போட்டவர். அக்கா பரிசோதனைப் பிரிவு. பக்கத்துக் குப்பம்தான் அவர் ஊர். வீட்டுக்காரர் காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர். அக்கா பத்தாவது வரை படித்தவர், ஏழு வருஷமாகக் கான்ட்ராக்ட். என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஆள் நடமாட்டம் இருந்தால் என்னை 'சார்' என்பார், இல்லாவிட்டால் 'நைனா'.

அவர் கையில்தான் கனெக்டர்கள் எல்லாம் வந்து சேரும். கனெக்டர் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. இந்தப் பக்கத்து வயரையும் அந்தப் பக்கத்து வயரையும் சேர்க்கிற பூட்டு. விரல் நீளம் இருக்கும். இரண்டு பாதியையும் சேர்த்துத் திருகினால் 'க்ளிக்' என்று உட்காரும். வீட்டு டிவிக்குப் பின்னால் இருக்கிறவரை அதற்கு ஒரு கேடும் வராது. எங்கள் சரக்கு போகிற இடம் அப்படியா? உப்புக்காற்று, நிலக்கரித் தூள், வெயில், மழை, இருபத்து நாலு மணி நேரமும் அதிர்வு. மோட்டார் புகைந்துதான் மெஷின் நிற்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் இந்த விரல் நீளச் சாமானுக்குள் ஒரு சொட்டு உப்புத்தண்ணி போய் உட்கார்ந்திருக்கும்.

நாங்கள் வாங்குகிற கனெக்டரில் பன்னிரண்டு ஓட்டை. எங்கள் பெட்டிக்கு எட்டு வயர்தான். மிச்சம் நாலு ஓட்டை பின்பக்கம் சும்மா திறந்து கிடக்கும். அதை அடைக்க அரிசி மணி அளவுக்குச் சிவப்பு நிறத்தில் சிலிகான் அடைப்பான் தனியாக வரும். அதற்கு கேட்லாக்கில் இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. எங்கள் கம்பெனியில் அதை யாரும் சொன்னதில்லை. அக்கா அதற்கு வைத்த பெயர் மூக்குத்தி. "அந்த பாக்ஸுக்கு மூக்குத்தி குத்தியாச்சா?" "மூக்குத்தி தீந்துபூச்சி, ஸ்டோர்ல சொல்லு." வெல்டரிலிருந்து வாட்ச்மேன் வரை அதே பேச்சுதான். ஸ்டோரில் ஒரு பிளாஸ்டிக் டப்பாமேல் மார்க்கர் பேனாவால் 'மூக்குத்தி' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியதும் நான்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுசாக ஒரு கனெக்டர் வாங்க வேண்டுமென்றால் அக்காவைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு நாள் டை கட்டிய விற்பனைப் பையன் ஒருவன் வந்தான். வெள்ளி மாதிரி மின்னுகிற கனெக்டர் ஒன்றை வெல்வெட் துணியில் வைத்து நீட்டினான்.

"மேடம், இது ஐ.பி. அறுபத்தேழு. ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம் போட்டு வெச்சாலும் உள்ள தண்ணி போகாது."

"பூட்டி வெச்சா, தொறந்து வெச்சா?"

"பூட்டி வெச்சாதான் மேடம்."

"சரி. ஃபிட்டரு கயட்டிட்டு டீ குடிக்கப் போறான். அப்போ?"

அவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"மூடி கீதா? மூடிக்கு சங்கிலி கீதா? சங்கிலி இல்லன்னா மொத நாளே காணாப்பூடும். அப்பால, நீ சொன்னியே ஒரு மீட்டரு தண்ணி, அது நல்ல தண்ணியா உப்புத் தண்ணியா?"

"அது... டெஸ்ட் வாட்டர் மேடம்."

"எங்க கடல்ல அது இல்லியே சார்" என்றார் அக்கா, ரொம்ப மரியாதையாக.

பிறகு ஒரு கனத்த தோல் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். அதில் கொஞ்சம் கிரீஸைத் தடவிக்கொண்டு கண்ணை மூடிக் கனெக்டரைப் பூட்டிப் பார்த்தார். மின்னும் வளையம் வழுக்கியது. மூன்று தடவை முயன்றும் க்ளிக் கேட்கவில்லை. "கிரேன் மேல நிக்கிறவன் கை இப்டித்தான் இர்க்கும்" என்றார். மேல் உறை அலுமினியம், திருகு இரும்பு என்று கண்டுபிடித்ததும் முகம் சுளித்தார். "ரெண்டும் வேற வேற சாதி உலோகம். உப்புத் தண்ணி நடுவுல பூந்து ரெண்டையும் சண்ட மூட்டி உட்டுடும்."

அத்துடன் விடவும் மாட்டார். காம்பவுண்டு சுவரில் கடலைப் பார்த்த பக்கம் ஒரு நைலான் கயிறு கட்டியிருந்தார். ஒவ்வொரு கம்பெனி மாதிரியையும் அதில் தொங்கவிடுவார்: பூட்டியது ஒன்று, மூடி போட்டது ஒன்று, ஓட்டையைச் சும்மா விட்டது ஒன்று. நாற்பது நாள் கழித்து எடுத்துத் திறந்து, உள்ளே ஊசி மாதிரி நிற்கிற பின்னில் நாக்கு நுனியை வைத்துப் பார்ப்பார். கரித்தால் போச்சு. "உப்பு ஏறிக்கிச்சி. வாணாம்." லேப் ரிப்போர்ட் இருக்கிறது என்று யாராவது சொன்னால், "லேபுக்கு ஏசி போட்டு வெச்சிருப்பான். இத்த அங்கியா மாட்டப் போறோம்?" என்பார். பையன்கள் அந்தக் கயிற்றுக்குக் 'கருவாட்டுக் கயிறு' என்று பெயர் வைத்தார்கள். அக்காவும் சேர்ந்து சிரிப்பார்.

கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது பார்க்கச் சகிக்காத ஒரு சாம்பல் நிறக் கனெக்டர். குண்டாக இருந்தது. உள்ளே பின்களுக்குத் தங்க முலாம், கழுத்தில் இரண்டு தடித்த ரப்பர் வளையம், எந்தக் கையாலும் பூட்டக்கூடிய பெரிய காது. "சோக்கா கீறதுலாம் வாணாம் நைனா. கம்முனு கீறதா பாரு" என்றார். அவர் அகராதியில் 'கம்முனு' என்றால் வாயை மூடிக்கொண்டு, உள்ளே எதையும் விடாமல், பத்து வருஷம் தன் வேலையைப் பார்ப்பது. மனிதர்களிலும் அவருக்கு அப்படிப்பட்டவர்களைத்தான் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். தப்பாக நினைத்திருந்தேன்.

இந்தப் பிடிவாதம் சில சமயம் எரிச்சலாகவும் இருக்கும். பெட்டியை மூடி ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு வந்து திறப்பார். வயர் மேலேயிருந்து நேராகக் கனெக்டருக்குள் இறங்கினால் ஒத்துக்கொள்ள மாட்டார். கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டுத்தான் ஏற வேண்டும், அப்போதுதான் மழைத்தண்ணி வளைவிலேயே சொட்டிவிடும் என்பார். லாரிக்காரன் ஹாரன் அடிப்பான், நான் கத்துவேன். "இன்னா பேஜாருக்கா உங்களோட!" என்று நானும் அவர் பாஷையிலேயே திட்டுவேன். எங்கள் கேன்டீன் கிரைண்டர் பிளக்கைக்கூட அவர் விட்டுவைத்ததில்லை. ஒரு பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரில் பயன்படாத சுவிட்ச் ஓட்டைகளில் எல்லாம் மெழுகை உருக்கி ஊற்றி அடைத்திருந்தார். அவர் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நான் குறட்ட உட்டா என் வாய்லயும் எதுனா குத்திடுவாளோன்னு பயந்துகினே தூங்குறேன் தம்பி" என்றார்.

எங்கள் கம்பெனியின் இரும்புக் கேட்டில் ஒரு சின்னக் கதவு உண்டு. கான்ட்ராக்ட் ஆட்கள் அதன் வழியாகக் குனிந்து வர வேண்டும். போகும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். நிரந்தர ஊழியர்களுக்குப் பெரிய கேட் திறக்கும். அந்த வருஷம் கான்ட்ராக்ட்டில் இருந்து இரண்டு பேரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. அக்கா பெயர் பட்டியலில் முதலாவதாக இருந்தது. அதை நான்தான் பார்த்துவிட்டு வந்து சொன்னேன்.

"மெய்யாலுமா நைனா?" என்றார். கண்ணெல்லாம் ஈரம். "ஏழு வருஷமா குனிஞ்சி குனிஞ்சி வந்துகினு கீறேன். ஒரு நாளு பெரிய கேட்டாண்ட நிமிந்துகினு நடக்கணும். என் பொண்ண இட்டாந்து காட்டணும், பாருடி உன் ஆத்தா எப்டி போறான்னு."

ஏதோ நானே வாங்கிக் கொடுத்த மாதிரி எனக்குப் பெருமையாக இருந்தது.

ஐப்பசியில் எண்ணூர் தாண்டி ஒரு சரக்குத் துறைக்கு இருபது பெட்டி போக வேண்டியிருந்தது. நிலக்கரி பெல்ட் ஓரமாக நீளத்துக்கு ஒரு கயிறு ஓடும். ஆபத்து என்றால் யாரும் அதை இழுக்கலாம். பெல்ட் உடனே நிற்கும். அந்தக் கயிற்றின் சுவிட்சுகளைச் சேர்க்கிற பெட்டிகள் அவை. அன்றைக்கு எனக்குச் சாயங்காலம் ராயபுரத்தில் பெண் பார்க்கப் போக வேண்டும். சைட்டிலிருந்து நேராகப் போய்விடலாம் என்று புது வெள்ளைச் சட்டையில் வந்திருந்தேன்.

பத்தொன்பது பெட்டி முடிந்தது. இருபதாவதில் மூக்குத்தி தீர்ந்துவிட்டது. "ஒரு மணி நேரம் குடு நைனா, எங்கனா தேடி எடுத்தாறேன்" என்றார் அக்கா. நான் ஒத்துக்கொள்ளவில்லை. பெட்டியை லாரியில் ஏற்றச் சொல்லிவிட்டு நானும் முன்னால் ஏறிக்கொண்டேன். அவர் பதிவேட்டில் எழுதினார்: 'இருபதாவது பொட்டி, நாலு மூக்குத்தி பாக்கி.' லாரி கேட்டைத் தாண்டும்போது பின்னால் ஓடி வந்தார். கருவாட்டுக் கயிற்றில் தொங்கிய கனெக்டர் ஒன்றிலிருந்து நாலை உருவிக் கழுவி எடுத்து வந்திருந்தார். ஜன்னல் வழியாக என் கையில் வைத்தார்.

"நீயே உன் கையால குத்திடு. ஒரு நிமிஷ வேல. மறந்துடாத நைனா, மழ வருது."

"சரிக்கா, சரிக்கா." சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் திரும்பிப் போய் அதே வரியில் 'சார் கையில் குடுத்தாச்சு' என்று சேர்த்திருக்கிறார்.

சைட்டில் போய் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஃபிட்டர்கள் மளமளவென்று பெட்டிகளை மாட்டினார்கள். இருபதாவது பெட்டி பெல்ட்டுக்குக் கீழே, தவழ்ந்துதான் போக வேண்டிய இடத்தில். தரையெல்லாம் கறுப்புச் சேறு. நான் என் சட்டையைப் பார்த்தேன். மணியைப் பார்த்தேன். நாளைக்கு வந்து குத்திக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன்.

அன்று சாயங்காலம் பெண்ணைப் பிடித்துப் போயிற்று. அவர்களுக்கும் என்னைப் பிடித்துப் போயிற்று, சட்டை அவ்வளவு வெளுப்பு. மூக்குத்தி நாலும் என் மேஜை டிராயருக்குப் போனது. அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. அக்கா ஒரு தடவை கேட்டார், "குத்திட்டியா நைனா?" என்று. "ஆச்சுக்கா" என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது வாயில்.

மாசியில் அந்தத் துறையிலிருந்து போன் வந்தது. பெல்ட்டுக்கு அடியில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளியின் சட்டைக் கை உருளையில் மாட்டியிருக்கிறது. அவர் மறு கையால் கயிற்றை இழுத்திருக்கிறார். பெல்ட் நிற்கவில்லை. மறுபடி இழுத்திருக்கிறார். நிற்கவில்லை. கூட இருந்தவர் ஓடிப் போய் மெயின் சுவிட்சை அணைத்திருக்கிறார். தோள்மூட்டு விலகியதோடு அவர் தப்பினார். திறந்து பார்த்தால் இருபதாவது பெட்டியின் கனெக்டருக்குள் உப்பும் ஈரமும் பச்சைப் பாசியாகப் பூத்து, இரண்டு பின்னையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. கயிற்றை இழுத்ததும் அறுபட வேண்டிய மின் இணைப்பு அறுபடாததால், இழுபட்ட சங்கதி மெஷினுக்குப் போய்ச் சேரவே இல்லை.

அந்த மனிதர் இரண்டாவது தடவை கயிற்றை இழுத்தபோது என்ன நினைத்திருப்பார் என்பது இன்றைக்கும் எனக்கு அப்பப்போ வரும். சாப்பிடும்போது வரும்.

விசாரணை அன்று காலையில் டிராயரைத் திறந்து நாலு மூக்குத்தியையும் எடுத்து வெள்ளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எடுத்து மேஜைமேல் வைத்துவிடுவது, நடந்ததைச் சொல்லிவிடுவது என்றுதான். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஆனால் என் கல்யாணம் வைகாசியில், பத்திரிகை அச்சாகிவிட்டது, என் பெயருக்குக் கீழே கம்பெனி பெயரும் சூப்பர்வைசர் என்பதும் தங்க எழுத்தில். அக்காவுக்கே முதல் பத்திரிகை கொடுத்திருந்தேன்.

ஏசி அறை. எங்கள் மேலாளர், அந்தத் துறையிலிருந்து வந்த இரண்டு பேர், கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்திருந்த தர அதிகாரி. நாங்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அக்கா மட்டும் நின்றுகொண்டிருந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மூக்கில் குச்சி.

அக்கா கனெக்டரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பயமே இல்லை அவருக்கு. "பாருங்க சார், பூட்டு கீற பக்கம் சுத்தமா கீது. ரப்பர் வளையம் நல்லா கீது. இந்த நாலு ஓட்ட வழியா மட்டுந்தான் பூந்துகீது. இதுல மூக்குத்தி குத்தல."

"இதுல என்ன குத்தல?" என்றார் தர அதிகாரி.

"மூக்குத்தி சார். புக்குல எழுதிகீறேன்."

அவர் பதிவேட்டைப் புரட்டி, அந்த வரியை உரக்கப் படித்தார். "நாலு மூக்குத்தி பாக்கி. சார் கையில் குடுத்தாச்சு." அறையில் சிரிப்பு எழுந்தது. "என்னம்மா இது, இன்ஸ்பெக்‌ஷன் ரிஜிஸ்டரா, நகைக் கடை நோட்டா? இதை வெச்சு நான் கஸ்டமருக்கு என்ன பதில் சொல்றது?"

"மூக்குத்தின்னா அந்த செவப்பு ரப்பரு சார். ஓட்டைய அடைக்கிறது. நாங்கோ அப்டித்தான் சொல்லுவோம். சாரைக் கேளுங்க, சாருக்குத் தெரியும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அப்படியா? மூக்குத்தின்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? உங்க கையில எதாவது குடுத்தாங்களா?"

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. எடுப்பதற்கு இல்லை. பையை மூடிக்கொண்டேன்.

"தெரியாது சார். ஃப்ளோர்ல அவங்களுக்குள்ள என்னமோ சொல்லிக்குவாங்க."

சொல்லிவிட்டேன். இரண்டே வாக்கியம். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார், கை இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு கனெக்டரை மேஜைமேல் மெதுவாக வைத்துவிட்டு, கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம் கேட்ட கேள்வி ஒன்றுக்கும் அவர் வாய் திறக்கவில்லை. ஃப்ளோரிலிருந்து வேறு யாரையும் கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை. படிக்காத பொம்பளை, புரியாத பாஷையில் பதிவேடு எழுதியதால் வந்த கோளாறு என்று அறிக்கை போனது.

இத்தோடு நின்றேனா? மத்தியானம் ஸ்டோருக்குப் போய் அந்த டப்பாமேல் நான் எழுதி ஒட்டிய காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்தேன். கேட்லாக்கில் இருந்த இங்கிலீஷ் பெயரை எழுதி ஒட்டினேன். ஸ்டோர் பையன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பட்டியலிலிருந்து அக்கா பெயர் அடிக்கப்பட்டது. மாதக் கடைசியில் கான்ட்ராக்ட்டும் புதுப்பிக்கப்படவில்லை. போகிற அன்று நான் மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். சின்னக் கதவுக்கு முன்னால் வாட்ச்மேன் பையைத் திறக்கச் சொன்னான். திறந்து காட்டினார், டிபன் டப்பா, தண்ணி பாட்டில், தோல் கையுறை. கையுறை கம்பெனி சாமான் என்று எடுத்துக்கொண்டான். அக்கா குனிந்து வெளியே போனார். சுவரில் அவர் கயிறு அடுத்த மழைவரைக்கும் அப்படியே தொங்கியது; நாற்பது நாள் கணக்குப் பார்க்க ஆளில்லை.

நான் இன்ஜினியர் ஆனேன், வேறு கம்பெனி போனேன், இரண்டு குழந்தைகள். என் மனைவிக்கு இதைச் சொன்னதில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள். மூக்குத்தி போட்ட பெண்களைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிற ஆண் ஊரிலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். வெட்கம் வயதாக ஆகக் குறையும் என்று நினைத்திருந்தேன். குறையவில்லை.

இப்போது நான் இருக்கும் கம்பெனி படகுகளுக்கு மீன் காட்டும் கருவி விற்கிறது. போன மாதம் காசிமேட்டிலிருந்து புகாருக்கு மேல் புகார்: கனெக்டரில் உப்பேறிக் கருவி செத்துப் போகிறது என்று. நேரில் பார்க்கப் போனேன். காலை எட்டு மணி, ஏலம் முடிந்து மீன் வண்டிகள் கிளம்பிக்கொண்டிருந்தன. ஒரு படகு ஓட்டுநர் சொன்னார், "உன் கம்பெனி பிளக்கு ஒண்ணியும் சரியில்ல சார். எங்க அக்கா பாத்துக் கட்டிக் குடுத்தாதான் நிக்கிது. அதோ குந்திகினு கீது பாரு."

கவிழ்த்துப்போட்ட மீன் பெட்டிமேல் அக்கா உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. மூக்கில் இரண்டு பக்கமும் கல் மூக்குத்தி. இங்கே யாரும் கழற்றச் சொல்ல மாட்டார்கள். மடியில் எங்கள் கம்பெனிக் கனெக்டர். நாக்கு நுனியைப் பின்னில் வைத்துவிட்டுக் காறித் துப்பினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இன்னா நைனா, இளச்சிட்டே?"

நான் எத்தனையோ தடவை மனசுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைத் தொடங்கினேன். "அக்கா, அன்னைக்கு..." என்றேன்.

"உன் பாக்கெட்ல செவப்பா தெரிஞ்சுது" என்றார், வயரைச் சுரண்டிக்கொண்டே. "வெள்ள சட்ட. நாலும் தெரிஞ்சுது. நீயா எடுத்து டேபிள் மேல வெப்பேன்னு பாத்துக்கினே இருந்தேன்."

"நீங்களாவது சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லணும்னுதான் வாயத் தொறந்தேன். நீ கைய வெச்சி மூடினே பாரு. அத்தப் பாத்த அப்பால எனுக்கு வாயே வரல."

அழுகை வந்தது. நாற்பது வயது ஆம்பளை, நடு துறைமுகத்தில், கையில் கம்பெனி பேக்குடன். அக்கா என்னை அழவிட்டார். தேற்றவில்லை, திட்டவும் இல்லை.

"அத்த இன்னா பண்ணே?" என்றார் பிறகு.

"எதைக்கா?"

"அந்த நாலு மூக்குத்திய."

"அன்னைக்குச் சாயங்காலமே... ரயில்வே கேட்டாண்ட சாக்கடையில போட்டுட்டேன்."

அப்போதுதான் அவர் முகம் மாறியது. "நல்ல மூக்குத்தியாச்சே! வேற எதுலயாவது குத்திருக்கலாமே" என்றார். மடியிலிருந்த கனெக்டரைத் திருப்பி எனக்குக் காட்டினார். பின்பக்கம் நாலு ஓட்டை திறந்து கிடந்தது. "இந்தா பாரு. உன் கம்பெனிதான். ஓட்டையப் போட்டுட்டு அடைக்க ஒண்ணியும் குடுக்கல. கைல வெச்சிருந்ததுலாம் தீந்துபூச்சி. உங்கிட்ட கீதா?"

"ஆபீஸ்ல இருக்குக்கா. நாளைக்கு எடுத்துட்டு வந்துர்றேன்."

சொன்ன பிறகுதான் நான் சொன்ன வார்த்தை என் காதில் விழுந்தது. அக்கா என் சட்டைப் பையைப் பார்த்தார்.

"நாளிக்கா?" என்றார். "போட்டு பன்னண்டு மணிக்குக் கெளம்புது."

நான் ஆட்டோவைத் தேடி ஓடினேன். போகவும் வரவும் ரோடெல்லாம் கன்டெய்னர் லாரி. ஒரு இடத்தில் இறங்கி நடந்தேன். மூக்குத்தி நாலையும் பையில் போடவில்லை. கையிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். போட் அங்கேயே நின்றிருந்தது. அக்கா உள்ளங்கையை நீட்டினார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று எண்ணிப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டார்.